நுரை பொங்கினால் ரெகுலேட்டரைத் திருகாதீர்கள்

வீட்டில் பீர் தயாரித்துக் கெக் எனப்படும் எஃகுப் பீப்பாயில் நிரப்பி வைப்பவர்களின் ரெகுலேட்டர்களையும் (சிலிண்டரிலிருந்து கெக்குக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவி) சிலிண்டர் இணைப்புகளையும் சோதித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு ரெகுலேட்டரைப் பிரித்தபோது, உள்ளே இருந்த ரப்பர்த் தகடு பழுப்பு நிறப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்துபோன பீர்தான் அந்தப் பிசின். அழுத்தமானியின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி வளைந்து நின்றது. "கெக்கின் மேலுள்ள வால்வு ஓயாமல் சீறுகிறது, அதையும் மாற்றிக் கொடுங்கள்" என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அது அழுத்தம் மீறும்போது வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு, அவரையும் அவர் வீட்டாரையும் அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்ததே அந்தச் சீறல்தான் என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இதே கதையை வெவ்வேறு வாய்களில் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் நுரையில்தான் தொடங்குகிறது. குழாயைத் திறந்தால் கோப்பை முழுக்க நுரை. நுரை அடங்கிய பிறகு குடித்தால் பீர் சப்பென்று இருக்கிறது. உடனே ஒருவர் "வாயு கூடிவிட்டது" என்று அழுத்தத்தைக் குறைக்கிறார். இன்னொருவர் "வாயு போதவில்லை" என்று கூட்டுகிறார். இருவருமே ரெகுலேட்டரின் திருகைத் தண்ணீர்க் குழாயின் திருகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐயா, அது அப்படி வேலை செய்வதில்லை. பீரில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கரைந்து நிற்கும் என்பதை அழுத்தமும் குளிர்ச்சியும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அழுத்தத்தில் வைத்தால், ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு கரையும். பெரும்பாலான பீர்களுக்கு அதுவே போதுமானது. அதே 12 பிஎஸ்ஐயை 20 டிகிரியில் வைத்துப் பாருங்கள், ஒன்றரை லிட்டர்தான் கரையும். கெக்கைக் குளிரவைக்காமல் திருகை மட்டும் முறுக்குவதில் என்ன பயன்?

அழுத்தத்தைக் குறைத்தால் நுரை குறையும் என்பது இன்னும் பிடிவாதமான நம்பிக்கை. நடப்பது நேர்மாறானது. கெக்கின் அழுத்தம், கரைந்துள்ள வாயுவைப் பிடித்து வைக்கும் அளவுக்குக் கீழே போனால், அந்த வாயு கோப்பைக்கு வருமுன்னரே குழாய்க்குள் குமிழ்களாகப் பிரிந்துவிடும். நுரை கூடும், பீர் சப்பென்று ஆகும், நாளடைவில் கெக்கிலுள்ள மொத்தப் பீரும் உயிரற்றுப் போகும். நுரைக்குக் காரணம் பெரும்பாலும் கெக்குக்கு வெளியேதான் இருக்கிறது: பீர் வரும் குழாய் மிகக் குட்டையாக இருக்கலாம், ஊற்றும் குழாய்முனை வெதுவெதுப்பாக இருக்கலாம், அல்லது அதைப் பாதி மட்டும் திறந்து ஊற்றும் பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை மூன்று மீட்டர் நீளத்துக்குச் சுருட்டிக் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஊற்றும்போது முனையை முழுதாகத் திறங்கள். முதல் கோப்பை சற்று நுரைத்தால் விட்டுவிடுங்கள், அது குழாய்முனையின் வெப்பம்.

அவசரக்காரர்களுக்கு வருவோம். குளிர்ந்த கெக்கை 12 பிஎஸ்ஐயில் இணைத்து ஒன்று முதல் இரண்டு வாரம் வரை தொடாமல் விட்டால் வாயு தானாகவே ஏறும். அதற்குப் பொறுக்காதவர்கள் 40 பிஎஸ்ஐ கொடுத்து, கெக்கைப் படுக்கவைத்து உருட்டிக் குலுக்குகிறார்கள். நான் குறிப்பிட்ட ரெகுலேட்டரும் இப்படித்தான் கெட்டது. குலுக்கி முடித்ததும் வாயுக்குழாயைக் கழற்றி, திருகை 10 பிஎஸ்ஐக்கு இறக்கி, படுத்த நிலையிலேயே இருந்த கெக்கில் மீண்டும் மாட்டியிருக்கிறார். கெக்குக்குள் 40 இருக்க, குழாயில் 10 இருந்தால் பீர் எந்தப் பக்கம் போகும்? வாயு நுழையும் வழியாகவே திரும்பி ரெகுலேட்டருக்குள் போயிற்று. அங்கே காய்ந்து ஒட்டியதால் உள்வால்வு முழுதாக மூடவில்லை. சிலிண்டரின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெக்கை நோக்கிக் கசிந்து ஏறியது. அறை வெப்பத்தில் அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது 800 பிஎஸ்ஐக்கும் மேல் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கமான 19 லிட்டர் எஃகுக் கெக்கின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் உச்ச வரம்பு பெரும்பாலும் 130 பிஎஸ்ஐதான்.

ஒருவழி வால்வு அதிக விலையில்லாத பொருள். அதை வாயுக்குழாயில் பொருத்துங்கள். திருகை இறக்கினால் கெக்கின் அழுத்தமும் இறங்கிவிடும் என்று நம்பாதீர்கள். கெக்கை நிமிர்த்தி, பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து வாயுவை வெளியேற்றினால்தான் இறங்கும். சீறல் முழுதாக நிற்கும் வரை மூடியையும் இணைப்பு முனைகளையும் தொடக் கூடாது. மூடி கையால் அழுத்தியும் உள்ளே இறங்க மறுத்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள், சுத்தியலைத் தேடாதீர்கள். அழுத்தத்தோடு கழற்றப்பட்ட இணைப்பு முனை பறந்து வந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடிக் குடுவையில் ரெகுலேட்டரை இணைத்து வாயு ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கூடவே கூடாது.

இனி, யாரும் கேட்காத விஷயம். சிலிண்டர் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். 19 லிட்டர் பீருக்கு வாயு ஏற்றவும் அதைக் கடைசிச் சொட்டு வரை தள்ளவும் 200 கிராம்கூடத் தேவைப்படாது. இரண்டு கிலோ சிலிண்டர் இரண்டு கெக்கில் காலியானால், மீதி வாயு உங்கள் அறைக்குள் போயிருக்கிறது. இரண்டு கிலோ என்பது ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட வாயு. பத்து கன மீட்டர் கொண்ட மூடிய சிற்றறையில் அது ஏறத்தாழ பத்து விழுக்காடு. நான்கு விழுக்காடே உயிருக்கு ஆபத்து. பத்தில் சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பும். சோடாவில் குடிக்கிற வாயுதானே என்று சிரிப்பவர்கள், குடிப்பதும் மூச்சில் இழுப்பதும் ஒன்றல்ல என்பதை உணர வேண்டும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையோரத்திலும் நிலவறையிலும் தேங்கும். மேல்பக்கம் திறக்கும் உறைபெட்டியைக் கெக்குக்குப் பயன்படுத்துவோர் சிலிண்டரையும் அதற்குள்ளேயே வைத்தால், கசியும் வாயு பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே நுழைக்காதீர்கள். சிலிண்டரை வெளியே, நிமிர்ந்த நிலையில், சாயாதபடி கட்டி வையுங்கள். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ஊற்றாத நாட்களில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்திருக்கிறேன் என்று நிம்மதி கொள்ள வேண்டாம், அது இந்த வாயுவைக் கண்டறியாது. கார்பன் டை ஆக்சைடுக்கென்றே உள்ள அலாரத்தை வாங்கித் தாழ்வான உயரத்தில் பொருத்துங்கள்.

கெக் வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் மூச்சு இரைத்தாலோ, தலை கனத்தாலோ, மூக்கில் சோடா ஏறியதுபோல் சுரீரென்றாலோ, வால்வைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியேறுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள். வெளியிலிருந்து திறக்க முடிந்த கதவையும் சன்னலையும் திறந்துவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். மூச்சுக் கருவி அணிந்தவர்கள் உள்ளே போகட்டும்.