உற்பத்தியாளரை நீட்டித்தது யார்?

குப்பைச் சட்டங்களைப் பற்றிய எந்த மொழிபெயர்ப்பைப் புரட்டினாலும் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ (Extended Producer Responsibility) வந்து நிற்கிறது. போன வாரம் ஒரே பக்கத்தில் நான்கு முறை. இனிப் பொறுப்பதற்கில்லை.

கருத்து எளிது. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே, அது குப்பையான பிறகும் அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவை ஏற்க வேண்டும். 1990இல் சுவீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் அந்நாட்டு அரசுக்கு எழுதிய அறிக்கையில் முன்வைத்த தொடரின் தமிழாக்கம் இது. ‘பொறு’ என்றால் தாங்கு, சும, அதிலிருந்து பொறுப்பு. அந்தப் பகுதியில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘நீட்டிக்கப்பட்ட’வோடு. பெயரெச்சம் பக்கத்துப் பெயரைத்தான் முதலில் போய்ப் பிடிக்கும். ‘கிழிந்த பையன் சட்டை’ என்று யாராவது சொல்கிறோமா? இங்கே மட்டும் உற்பத்தியாளரைப் பிடித்து நீட்டலாமாம். சரி, ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ என்று இடம் மாற்றினால்? இலக்கணம் தேறும், பொருள் தேறாது. நமக்கு நீட்டிப்பு என்றால் கெடுதான்: பதவிக்கால நீட்டிப்பு, விண்ணப்பத் தேதி நீட்டிப்பு. நிறுவனங்களுக்கு ஏதோ அவகாசம் கொடுத்ததுபோல் ஒலிக்கிறது. ‘விரிவாக்கப்பட்ட’ என்பாரும் உண்டு. அது அகலம், இங்கே வேண்டியது, விற்றதோடு அறுந்துபோகாத நீளம்.

எல்லாவற்றிலும் மோசம், ‘உற்பத்தியாளரின் பொறுப்புணர்வு’. அமெரிக்காவில் பொட்டலக் கழிவுக்கு இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் மெய்ன், 2021இல். நிறுவனங்கள் ஒரு நிதியில் பணம் கட்ட வேண்டும். உள்ளாட்சிகளின் மறுசுழற்சிச் செலவு அதிலிருந்து ஈடுசெய்யப்படும். இதில் உணர்வு எங்கே வந்தது? சட்டம் கேட்பது காசு. மூலத்தில் ரசீது இருக்க, மொழிபெயர்ப்பாளர் அறவுரை எழுதிவைக்கிறார். சட்டத் தமிழில் இந்த வியாதி ரொம்ப நாளாகவே உண்டு.

என் சொல் ‘உற்பத்தியாளர் தொடர்பொறுப்பு’. தொடர்கதை போல வினைத்தொகை. ‘பட்ட’ வேண்டாம், வாயிலும் நிற்கும். ‘உற்பத்தி’ வடசொல், ‘ஆக்குநர்’ என்று போடு என்பார்கள் சிலர். பழைய புத்தக முகப்பில் ‘ஆக்கியோன்’ என்றால் நூலாசிரியர். எனக்கு அந்த நினைவுதான் வருகிறது. தவிர, இந்தச் சட்டங்களில் பெரும்பாலும் பொறுப்பேற்பவர் வணிகப் பெயருக்கு உரியவர். அவர் எதையும் ஆக்கியே இருக்க வேண்டியதில்லை. அதை வரையறைப் பிரிவில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.