கருக்கலைப்புச் சட்டம்: யாருடைய கையெழுத்து, எத்தனை வாரம்?

“வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க, அவர் கையெழுத்து வேணும்.” கருவைக் கலைக்க வேண்டும் என்று போகிற பெண்ணிடம் பல மருத்துவமனைகளில் முதலில் சொல்வது இதுதான். சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. 18 வயது நிரம்பிய பெண் தானே எழுதிக் கொடுக்கும் சம்மதம் போதும். கணவர், மாமியார், அப்பா, காதலர் என்று வேறு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. விதிவிலக்கு இரண்டுதான்: 18 வயதுக்குக் குறைந்தவர்கள், மனநோய் உள்ளவர்கள். இவர்களுக்குப் பாதுகாவலர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நாளைக்குக் குடும்பத்தார் வந்து சண்டை பிடிப்பார்களோ என்ற பயத்தில்தான் மருத்துவமனைகள் கையெழுத்து கேட்கின்றன. பயம் நியாயமாகவே இருக்கட்டும், அதற்காக அது விதியாகிவிடாது.

எம்.டி.பி. (மருத்துவ முறையில் கர்ப்பத்தைக் கலைத்தல்) சட்டம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த இந்தியச் சட்டம் 1971-இல் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021-இல் பெரிய திருத்தம் செய்தார்கள். அது அந்த ஆண்டு செப்டம்பர் 24-இல் அமலுக்கு வந்தது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பல தகவல்கள் அந்தத் திருத்தத்துக்கு முந்தையவை. “20 வாரம்தான் எல்லை”, “கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும்தான்” என்று படித்திருந்தால் அதெல்லாம் பழைய கதை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கேட்டவுடன் கலைத்துத் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கருவைக் கலைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதுதான் இன்றும் அடிப்படை நிலை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 312-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆவது பிரிவு. எம்.டி.பி. சட்டம் அதிலிருந்து தரும் விலக்குதான். அதனால் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், இன்ன காரணத்துக்காக இந்தக் கர்ப்பத்தைக் கலைக்கலாம் என்று தன் கருத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

காரணங்கள் நினைப்பதைவிட விரிவானவை. பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான பாதிப்பு, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு ஏற்படும் வாய்ப்பு ஆகியவை சட்டத்தில் உள்ளவை. வன்புணர்வால் உண்டான கர்ப்பம் என்றால், அது மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பு என்றே எடுத்துக்கொள்ளப்படும். 20 வாரம் வரை, கருத்தடை முறை தோற்றுப்போனதும் அப்படியே. 2021-க்கு முன் இந்தக் கடைசிக் காரணத்தில் “மணமான பெண்ணோ அவள் கணவரோ” என்று இருந்தது. இப்போது “எந்தப் பெண்ணோ அவள் இணையரோ” என்று மாறிவிட்டது. காப்பர்-டி போட்டிருந்ததற்கோ ஆணுறை கிழிந்ததற்கோ ரசீது காட்டச் சொல்லி யாரும் கேட்க முடியாது. பெண்ணின் வாழ்க்கைச் சூழலையும் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது.

வாரக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். கர்ப்பத்தின் வயதை உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தும் எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்கு ஜனவரி 1-ஆம் தேதி மாதவிடாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கருமுட்டை வெளிவருவது ஜனவரி 14, 15 வாக்கில். அடுத்தது ஜனவரி 29-இல் வர வேண்டும், வரவில்லை. அன்றைக்கே கணக்கில் 4 வாரம் ஆகிவிட்டது. டென்ஷனில் தள்ளிப்போயிருக்கும் என்று இரண்டு வாரம் பொறுத்து, பிப்ரவரி 12-இல் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கிப் பார்க்கிறார். இரண்டு கோடு. “ரெண்டு வாரம்தான் தள்ளியிருக்கு” என்பார் அவர். மருத்துவர் சீட்டில் 6 வாரம் என்று எழுதுவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் சட்டத்துக்கு மருத்துவரின் கணக்குதான் பொருந்தும். லீப் ஆண்டு இல்லையென்றால் இவருக்கு 9 வாரம் முடிவது மார்ச் 5, 20 வாரம் மே 21, 24 வாரம் ஜூன் 18.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கும், 40, 45 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது. தேதியும் பலருக்கு நினைவில் இருக்காது. அப்போது ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து வாரத்தைச் சொல்வார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் துல்லியம். பிந்தப் பிந்த முன்னே பின்னே ஆகும். எனவே வழக்கமாகவே தள்ளித் தள்ளி வருகிறவர்கள் “நமக்கு இது சகஜம்” என்று விட்டுவிடாமல் சீக்கிரமே கார்டு போட்டுப் பார்ப்பது நல்லது.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், அதுவும் எல்லாருக்கும் இல்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு ஆனவர்கள், கடுமையான உடல் ஊனம் உள்ளவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், கருவில் கடுமையான குறைபாடு தெரியவந்தவர்கள், பேரிடர் போன்ற நெருக்கடியில் சிக்கியவர்கள் என்று விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் மணமாகாத பெண்கள் வருவார்களா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 25 வயதுப் பெண் ஒருவர். திருமணம் செய்துகொள்வதாக இருந்த இணையர் கைவிட்டுவிட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், மணமாகாதவர் என்ற காரணத்துக்காக இந்த 24 வார வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கணவரே வற்புறுத்தி உறவு கொண்டாலும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது வன்புணர்வுதான் என்றும் சொன்னது. குடும்பத்தாரின் சம்மதம், கோர்ட் உத்தரவு என்று சட்டத்தில் இல்லாததையெல்லாம் மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்புகிற இடங்களில் எடுத்துச் சொல்ல வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

24 வாரம் தாண்டினால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக அரசின் மருத்துவ வாரியம் உறுதி செய்தால் வார வரம்பு இல்லை. மகப்பேறு, குழந்தைகள் நல, ஸ்கேன் மருத்துவர்கள் அடங்கிய அந்த வாரியம் விண்ணப்பம் வந்த 3 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உடனே செய்யாவிட்டால் பெண்ணின் உயிர் போய்விடும் என்ற நிலையிலும் வார வரம்பு கிடையாது. மற்றவர்கள் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும், அங்கேயும் முடிவு நிச்சயமில்லை.

2023-இல் உச்ச நீதிமன்றம் போன இன்னொரு வழக்கு இதற்கு உதாரணம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள், இளையது கைக்குழந்தை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை; வராதது இயல்புதானே என்று இருந்துவிட்டார். மூன்றாவது கர்ப்பம் தெரிந்தபோது 24 வாரம் வாக்கில் ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநலச் சிக்கலுக்கும் அவர் சிகிச்சையில் இருந்தார். முதலில் அனுமதி கிடைத்தது, பிறகு நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு வந்தது, கடைசியில் அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. கருவுக்குக் குறைபாடு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது காரணம். பால் கொடுக்கும்போது கரு தங்காது என்பதை நம்பி இருக்கிற பெண்கள் நம் பக்கத்தில் ஏராளம். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம்; அப்படி ஆனால் நாள் தள்ளிப்போனது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

மாத்திரையால் கலைப்பதற்குச் சட்டம் அனுமதிப்பது 9 வாரம் வரை. மைஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை, ஆனாலும் கிடைத்துவிடுகின்றன என்பது ஊரறிந்த விஷயம்.

மருத்துவரைப் பார்க்காமல் போட்டுக்கொள்வதில் உள்ள ஆபத்து மருந்தின் குணத்தால் வருவதைவிட, பார்க்காமல் விட்டதால் வருவது அதிகம். கரு கருப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தப்போக்கு வந்துவிட்டதே, சரியாகிவிட்டது என்று இருக்கும்போது குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போன்றவை) உள்ளவர்களுக்கு, அடுத்த கர்ப்பம் பாதிக்கப்படாமல் இருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று பார்க்கவும் ஆள் இருக்காது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் நீடித்தாலோ, ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ அப்படியே. நீங்களாகவே மாத்திரை போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்கள், பரவாயில்லை.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. தனியார் என்றால் அரசின் மாவட்டக் குழு ஒப்புதல் கொடுத்த இடமாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பதிவு பெறாதவர் கலைத்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. பெண்ணின் பெயரை, சட்டப்படி கேட்கும் உரிமை இல்லாத ஒருவரிடம் வெளியிடும் மருத்துவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. சம்மதப் படிவத்தைக்கூட மூடிய உறையில் “ரகசியம்” என்று எழுதித்தான் வைக்க வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் போக்சோ சட்டப்படி (சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) மருத்துவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பயந்துதான் பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்லத் தேவையில்லை என்று 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது. பாதுகாவலர் என்பது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பெண்ணைப் பராமரிக்கும் பெரியவர் என்பதே சட்டத்தின் விளக்கம்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கருக்கலைப்பு என்றாலே போலீஸ் கேஸ் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து படிக்கிறவர்கள் கவனிக்க: மேலே சொன்னது எல்லாம் இந்தியச் சட்டம். அங்கே தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே அனுமதி.

ஒரு மருத்துவமனை மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும், 181-இல் பெண்களுக்கான உதவியும் கிடைக்கும். நீதிமன்றம் போக வேண்டிய நிலை வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, அதற்கு 15100.

கலைத்த பிறகு அடுத்த மாதவிடாய் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். அதற்கு முன்பே மறுபடி கரு தங்கலாம் என்பதால், கருத்தடை முறை பற்றிய பேச்சை அன்றைக்கே மருத்துவரிடம் முடித்துக்கொண்டு வருவது நல்லது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால், உடம்பு நன்றாக இருந்தாலும் போய் வாருங்கள். முழுதாகக் கலைந்துவிட்டதா என்று அப்போதுதான் உறுதி செய்வார்கள்.