கறி எந்த ஊர்க் கறி என்று கேளுங்கள்

2022 டிசம்பர் 29 அன்று இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரி அன்றோடு நீங்கியது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கறிக்கடை வைத்திருப்பவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கறி அவர்கள் கடைத் தெருவுக்கு வரவில்லை. மலைக்கு வந்ததெல்லாம் பெரிய விடுதிகளின் சமையலறைக்குத்தான் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். விடுதியின் பின்வாசலில் நுழைந்தது நாளை கடைத் தெருவுக்கும் வரலாம்; வேறு ஆசிய நாடுகளில் வெளிநாட்டுக் கறி நுழைந்த கதையைப் பார்த்தால் அது புரியும்.

நீலகிரியில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு ஆட்டைப் பட்டியிலும் தெரியும், அறுத்தபின் கொக்கியில் தொங்கும்போதும் தெரியும். ஒரு விடுதியின் தலைமைச் சமையல்காரரிடம், விலை கூடுதலான இறக்குமதிக் கறியை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். உறைந்த பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். எட்டு விலா எலும்பு, எட்டும் ஒரே நீளம். கொழுப்பு ஒரே கனம். “போன மாதமும் இதே அளவு, அடுத்த மாதமும் இதே அளவு. உள்ளூர்க் கறி ஒரு நாள் குட்டி, ஒரு நாள் கிழட்டுக் கிடா. விருந்தாளிக்கு நான் என்ன பதில் சொல்வது?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சுவையில் நம் ஆடு குறைந்ததல்ல. இன்ன வயது, இன்ன எடை என்று உறுதி சொல்லி விற்க நம்மிடம் ஆள் இல்லை.

நீலகிரிச் செம்மறி இந்த மலைக்கென்றே அமைந்த இனம். ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு மெரினோ போன்ற அயல் இனங்கள் கலந்து உருவானது. குளிரையும் விடாத மழையையும் தாங்கும். குடற்புழுவுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். உருவம் சிறியது. சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இதைக் காத்து வருகிறது. புல்வெளிகள் தேயிலையாகவும் தைல மரமாகவும் சீகை மரமாகவும் மாறியதில் மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போனது. கம்பளிக்கும் ஆதாயமான விலை இல்லை. ஆகவே இதை வளர்ப்பவருக்கு மிஞ்சியிருப்பது கறி வருமானம் மட்டுமே. ஊட்டியில் விற்கும் கறியில் பெரும்பங்கு சமவெளிச் சந்தைகளிலிருந்து லாரியேறி வரும் ஆடுகளுடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஆட்டுக்கு அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

கோழியின் நிலை வேறு, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறியை விரும்புகிறவர்கள். கால்கறி அங்கே மலிவுச் சரக்கு; கிடைத்த விலைக்கு ஏற்றுமதி செய்தாலும் அவர்களுக்கு லாபம். நம் வீடுகளில் லெக் பீஸுக்குத்தான் சண்டை. அவர்கள் தள்ளுவதும் நாம் தேடுவதும் ஒரே துண்டு. இந்தக் கால்கறிக்கு இந்தியா 100 சதவீத வரி போட்டது அதனால்தான். பறவைக்காய்ச்சலைக் காரணம் காட்டி இந்தியா விதித்த தடையை எதிர்த்து 2012இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2015இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. 2023 செப்டம்பரில் வழக்கை முடித்துக்கொண்டபோது உறைந்த வான்கோழி, வாத்து ஆகியவற்றின் வரியைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. கோழிக்கால் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த வரிச் சுவர் ஒரு நாள் சரிந்தால் முதல் அடி பல்லடம், உடுமலைப் பண்ணைகளுக்கு விழும்.

வரிச் சுவர் எப்போதும் நிற்காது என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1991இல் அங்கே மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. பதிலுக்கு வைத்த 70 சதவீத வரியும் படிப்படியாக இறங்கி 2000இல் 38.5 சதவீதத்தில் நின்றது. கறவை இனக் காளைகளின் சாதாரணக் கறி இறக்குமதியோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. வாக்யூ என்ற ஜப்பானிய உயர்ரக மாட்டுக்கறி தரத்தால் தாக்குப்பிடித்தது. 2001இல் அங்கே பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டதும் மக்கள் மிரண்டார்கள். 2003இல் சட்டம் வந்தது: ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண், அந்த எண் கறிப் பொட்டலத்திலும் இருக்க வேண்டும். தென்கொரியாவில் அமெரிக்க மாட்டிறைச்சிக்கான 40 சதவீத வரி 2012 முதல் ஆண்டுதோறும் குறைந்து 2026இல் பூஜ்யமாகும்படி ஒப்பந்தம். ஆனாலும் ஹன்வூ என்ற தங்கள் நாட்டு மாட்டுக்கறியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க அங்கே ஆள் இருக்கிறார்கள். தர முத்திரையும் பிறந்த பண்ணையின் விவரமும் கூடவே வருகின்றன. இந்த இரு நாடுகளிலும் சிறு பண்ணையாளர் பலர் தொழிலை விட்டுப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தோனேசியாவில் கதை தலைகீழ். 2016இல் மாட்டிறைச்சி விலையைக் குறைக்க அந்த அரசு இறக்குமதி செய்த மலிவுக் கறி இந்திய எருமைக்கறி. அங்கே மாடு வளர்ப்பவருக்குப் போட்டியாக நின்றவர்கள் நாம்தான்.

நம் மக்களும் அடையாளம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். வெள்ளாட்டுக்கறி என்று நம்ப, தொங்கும் உடலில் வாலை முடியோடு விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை இன்னும் இரண்டு அடி முன்னே கொண்டுபோக வேண்டும். ஆடு எந்த ஊர்? அறுக்குமுன் மருத்துவர் பார்த்தாரா? உடலில் முத்திரை இருக்கிறதா? முத்திரை வெறும் மை அல்ல. ஈரலைத் திருப்பிப் பித்தக் குழாயைக் குறுக்கே அறுத்தால் இலைபோல் தட்டைப்புழு வழுக்கிக்கொண்டு வெளியே வரும் ஆடுகளைச் சதுப்பில் மேய்ந்த மந்தைகளில் பார்க்கிறேன். அந்த ஈரல் கடைக்குப் போகக் கூடாது. முத்திரையில்லாத கறியில் ஈரலை இப்படிச் சோதித்தவர் யாருமில்லை.

வளர்ப்பவர்களுக்கு: ஆட்டின் காதில் அடையாள எண் வில்லை போடுங்கள், பிறந்த தேதி எழுதிவையுங்கள், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே வயதுக் குட்டிகளை ஒரே நாளில் கொடுங்கள். அந்தச் சமையல்காரர் கேட்டது இதைத்தான்.

வீட்டில் சமைப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. வெட்டிய சூடு ஆறாத கறியை நேரே உறைபெட்டியில் திணிக்காதீர்கள். தசை விறைப்பதற்கு முன்பே குளிர் பாய்ந்தால் நார் சுருங்கிக் கறி ரப்பராகும். பிறகு, உள்ளூர் ஆடு வேகவில்லை என்று பழி வரும். குளிர்சாதனப் பெட்டியில் உறையாத கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் சமைத்துப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். இறக்குமதிக் கறியின் மென்மையில் பாதி இளம் ஆடு என்பதால், மீதி இப்படி ஆறவைப்பதால்.

உறைந்த பொட்டலம் வாங்குவதாக இருந்தால் எந்த நாடு, என்று பொதித்தது, என்று வரை செல்லும் என்பதைப் படியுங்கள். உறைந்த கறி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊர் நம்முடையது. உருகி மறுபடி உறைந்த பொட்டலங்கள் அந்த நாட்களில் கடைகளில் கிடக்கும். உறைக்குள் ஒரு மூலையில் சிவந்த நீர் கட்டியாக உறைந்திருந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்திருந்தாலோ, உள்ளே பனிப்பொடி அப்பியிருந்தாலோ அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஆஸ்திரேலியக் கறியாக இருந்தாலும் சரி, அவிநாசிக் கறியாக இருந்தாலும் சரி.