குமரிக்கு எத்தனை நாள்? கதவு திறக்கும் நேரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

"ஒரு நாள் போதுமா அண்ணாச்சி?" பயண ஏற்பாட்டுக்காக அழைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கடலும் பாறையும் சூரிய உதயமும் மட்டும் என்றால் போதும். வரலாறு பார்க்க வருபவர்களுக்குப் போதாது. பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கிடக்கிறது. எங்கள் கணக்கில் குறைந்தது இரண்டு இரவுகள்.

இந்தக் கணக்கைத் தீர்மானிப்பது தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இந்த ஊர்தான். மண் தமிழ்நாட்டுடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 முதல் 1 மணி, பிறகு 2 முதல் 4.30 மணி. சனி, ஞாயிறு, திங்கள் என்று லீவு சேர்ந்து வந்தால் பலர் முதல் இரண்டு நாளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் அரண்மனை என்று திட்டம் போடுகிறார்கள். பூட்டிய கதவின் முன் வண்டியைத் திருப்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இன்னொரு தவறு, கன்னியாகுமரியில் படகுப் பயணத்தை முடித்துக்கொண்டு பகல் 12 மணிக்கு அரண்மனைக்குப் போய் இறங்குவது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையைப் பார்த்து, சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையைத் தாண்டுவதற்குள் மணி ஒன்றாகிவிடும். அவசரமில்லாமல் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். செருப்பை வாசலிலேயே விட வேண்டும்; மரப்படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள். முட்டை வெண்கரு, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு சேர்த்து மெழுகிய கறுப்புத் தரையைக் குனிந்து பார்க்காமல் ஓடுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டும்? காலை 9 மணிக்கு வாசலில் நிற்பதுதான் சரி. அதற்கு முந்தின இரவு நாகர்கோவிலில் தங்குங்கள். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினால் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனாலும் நெரிசலுக்குச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரண்மனையிலிருந்து சிறிது தூரத்தில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. டச்சுப் படையில் வந்து 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கிய டிலனாய் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும். ஒரு மணி நேரம் போதும்.

மிச்சமிருக்கும் பிற்பகலுக்கு மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலை. 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் ஏறாதீர்கள், கல் கொதிக்கும். மூன்று மணிக்கு மேல் ஏறலாம். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், மாவட்டத்தில் கூட்டமில்லாமல் உட்கார ஏற்ற இடம் இதுதான். பயணத் திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்!

கோயில்களுக்கு நண்பகல் கணக்கு வேறு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் குமரி பகவதியம்மன் கோயிலும் மதியம் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கும். ஒரு கோயிலைக் காலையில் பார்த்தால் மற்றதை மாலைக்கு வையுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், தோளுக்கு ஒரு துண்டு இருந்தால் நல்லது.

படகுதான் நாளைக் கெடுக்கும். விவேகானந்தர் பாறைக்கு வார நாளில் இரண்டு மணி நேரத்தில் போய் வரலாம். ஐயப்ப சீசனில், அதாவது கார்த்திகை, மார்கழியில், வரிசையே அதைத் தின்றுவிடும். முன்பு நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறையிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் கடல் சீறினால் படகே நின்றுவிடும், அதற்குப் பாலம் என்ன செய்யும்? அதனால் படகை முதல் நாள் காலைக்கே வையுங்கள். தவறினால் மறுபடி முயல ஒரு காலையாவது கையில் இருக்கும். வட்டக்கோட்டையைப் படகு கிடைக்காத நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கன்னியாகுமரியிலிருந்து 6 கிலோமீட்டர்தான்.

ஒரே நாள்தான் என்றால் படகை மறந்துவிடுங்கள். 9 மணிக்கு அரண்மனை, மதியம் உதயகிரி, மாலை சுசீந்திரம், இருட்டுவதற்குள் கடற்கரை.

இரவு ரயிலில் வருபவர்கள் அறை பதிவு செய்யும்போது, வாடகைக் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 முதல் 12 வரையா என்று கேட்டுவிடுங்கள். பகல் கணக்கு என்றால், விடியற்காலை இறங்குபவருக்கு அறை கிடைக்கும்போது பாதி நாள் போயிருக்கும். அப்படியானால் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு நேராகப் படகுத்துறைக்குப் போய்விடலாம். டிக்கெட் கொடுப்பது 8 மணிக்குத்தான் என்றாலும் 7 மணிக்கே வரிசை ஆரம்பித்துவிடும்.