சிப் போடுவதா, மென்பொருளே போதுமா: மலையூரில் கன்சோலைத் திறக்கும் முன்

"சிப்பு ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா." பழைய கேம் கன்சோலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு வருபவர்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் இன்னும் இப்படித்தான் கேட்கிறார்கள். பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) காலத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்ட பேச்சு அது. கன்சோலின் பூட்டை மீறி நகல் டிஸ்க்கையும் தயாரிப்பாளர் அனுமதிக்காத மென்பொருளையும் ஓட்ட (இதைத்தான் மோட் என்கிறார்கள்) அன்றைக்கு சிப்தான் வழி. இன்றைக்கு அதே பிஎஸ்2-க்கு ஒரு மெமரி கார்டு போதும், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். இன்னொரு பக்கம், 2019-க்குப் பிறகு தயாரான நின்டெண்டோ ஸ்விட்ச்சை நீட்டி "பென் டிரைவ்லயே பண்ணலாமாம், வீடியோவுல பார்த்தேன்" என்கிறவருக்கு மென்பொருள் வழியே கிடையாது.

ஆகவே சிப்பா மென்பொருளா என்பதை நம் ஆசை தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் போர்டு எது, அதில் ஓடும் சிஸ்டம் மென்பொருள் எந்தப் பதிப்பு, இந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன. மென்பொருள் வழி இருக்கும் கன்சோலில் ஈயம் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. இல்லாத கன்சோலில்தான் சிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கும் முன்னால், மலையில் பலரும் பழுது என்று நினைப்பது உண்மையில் பழுதுதானா என்று பார்க்க வேண்டும்.

பிஎஸ்2-வில் இருந்தே தொடங்கலாம். "டிஸ்க் படிக்கவில்லை, சிப் போட்டால் சரியாகுமா?" என்று மார்கழியில் கேட்பவர்கள் அதிகம். இரவெல்லாம் குளிரில் கிடந்த கன்சோலை, காலையில் அடுப்பும் ஹீட்டரும் ஓடும் அறையில் ஆன் செய்தால் லென்ஸ் மேல் பனி படியும். லேசர் ஒளி சிதறும், டிஸ்க் படிக்காது. அரை மணி நேரம் டிஸ்க் இல்லாமல் ஓடவிட்டால் தானாகத் தெளிந்துவிடும். இது தெரியாமல் மூடியைத் திறந்து, லேசர் அலகில் இருக்கும் சின்னப் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகிவிடுகிறார்கள். அப்போது லேசருக்குப் போகும் கரண்ட் கூடும், சில வாரம் நன்றாகப் படிக்கும், பிறகு டயோடு எரிந்து போகும். பனி படிந்த லென்ஸுக்கு வைத்தியம் பார்க்கப்போய் நல்ல லேசரைக் கொல்லும் வேலை இது. தயவுசெய்து அந்தத் திருகாணியைத் தொடாதீர்கள்.

லேசர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் சிப் போட்டும் பயனில்லை, ஏனென்றால் சிப்பும் டிஸ்க்கைத்தான் நம்பியிருக்கிறது. மெமரி கார்டில் ஃப்ரீ எம்சிபூட் என்ற தொடக்க மென்பொருளை ஏற்றி, அதிலிருந்து பென் டிரைவ், லேன், ஹார்ட் டிஸ்க் வழியாக விளையாட்டை ஓட்டும் ஓப்பன் பிஎஸ்2 லோடரை இயக்கினால் டிஸ்க்கே தேவைப்படாது. ஈரக்காற்று மண்டிய ஊருக்கு இதுதான் பொருத்தமான வழி. கன்சோலின் பின்புற ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்சிபிஎச்-90000 வரிசை தவிர, இங்கே புழங்கும் மற்ற எல்லா மாடலிலும் ஃப்ரீ எம்சிபூட் வேலை செய்யும். 90000 வரிசையில் தேதிக் குறியீடு 8ஏ, 8பி என்றால் ஓடும். 8சி என்றால் சிலதில் ஓடும், சிலதில் ஓடாது. 8டி முதல் ஓடாது. ஓடாதவற்றுக்கு ஓப்பன் டூனா என்ற வேறொரு மெமரி கார்டு வழி உண்டு. 2020-ல் வெளிவந்த ஃப்ரீ டிவிடி பூட்டும் உண்டு, ஆனால் அது எழுதிய டிவிடியைப் படிக்கும் அளவுக்கு லேசர் நன்றாக இருந்தால்தான் உதவும்.

இதில் அடிக்கடி வரும் புகார், "வீடியோ வரும் இடத்தில் திக்குகிறது" என்பது. பிஎஸ்2-வின் யுஎஸ்பி 1.1 வகை, நொடிக்கு ஏறக்குறைய 1 எம்பிதான் நடைமுறையில் கிடைக்கும். எவ்வளவு விலை கொடுத்துப் புதுப் பென் டிரைவ் வாங்கினாலும் அது மாறாது. லேன் கேபிள் வழியாகக் கணினியிலிருந்து ஓட்டினால் திக்கல் பெரும்பாலும் போய்விடும். பழைய தடித்த மாடல் என்றால் நெட்வொர்க் அடாப்டரில் ஹார்ட் டிஸ்க் மாட்டுவது எல்லாவற்றிலும் சிறந்தது. பென் டிரைவ்தான் கையில் இருக்கிறது என்றால், எஃப்ஏடி32 ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பெரிய விளையாட்டைப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். பழைய சிப் போட்ட ஸ்லிம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகள் பற்றவைத்த போர்டு அது. ஒரு கம்பி நகர்ந்தாலும் லேசருக்கே ஆபத்து. சிப் தொல்லை கொடுத்தால் மறுபடி பற்றவைத்துக்கொண்டிராமல், கழற்றிவிட்டு மெமரி கார்டுக்கு மாறிவிடலாம்.

நின்டெண்டோ வீயும் பிஎஸ்3-யும் (பிளேஸ்டேஷன் 3) சுருக்கமாக. வீயில் இன்றைக்கு சிப் போட ஒரு காரணமும் இல்லை. சிஸ்டம் மெனு 4.3 என்றால் எஸ்டி கார்டிலிருந்து லெட்டர்பாம் என்ற மென்பொருள் வழியாக வேலை முடியும். முடிந்த உடனே பூட்மீ என்ற மென்பொருள் கொண்டு நாண்ட் (கன்சோலின் உள் நினைவகம்) நகல் எடுங்கள், வேறு பிராந்தியத்தின் சிஸ்டம் மெனுவை மட்டும் ஏற்றாதீர்கள். பிஎஸ்3-ல் தடித்த மாடல்கள் எல்லாம், சிஇசிஎச்-20, 21 வரிசை ஸ்லிம்கள் எல்லாம், 25 வரிசையில் ஏற்றக்கூடிய குறைந்தபட்சப் பதிப்பு 3.56 அல்லது அதற்குக் கீழே இருப்பவை, இவற்றில் நிரந்தரமான கஸ்டம் ஃபர்ம்வேர் (மாற்றியெழுதிய சிஸ்டம் மென்பொருள்) ஏறும். 3000, 4000 வரிசைகளில் மென்பொருள் வழியாக எச்இஎன் என்ற தற்காலிக மோட் மட்டும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்க வேண்டும். "என் தம்பியோடதுல தானா வருது, என்னோடதுல ஏன் வரல" என்ற கேள்விக்கு இதுதான் பதில். 3000 வரிசையில் கஸ்டம் ஃபர்ம்வேரை வலுக்கட்டாயமாக ஏற்ற முயன்றால் கன்சோல் செங்கல்லாகிவிடும், அதாவது எழவே எழாது.

எக்ஸ்பாக்ஸ் 360-ல்தான் போர்டு தெரியாமல் கைவைத்துக் கெடுப்பது அதிகம். திறக்காமலே போர்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பின்புற லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16.5 என்றால் ஜெனான் அல்லது ஜெஃபைர். 14.2 என்றால் ஃபால்கன் அல்லது ஓப்பஸ். 12.1 ஜாஸ்பர், 10.83 டிரினிட்டி, 9.6 பெரும்பாலும் கொரோனா. கடைசியில் வந்த வின்செஸ்டர் போர்டில் ஆர்ஜிஎச் எனப்படும் ரீசெட் கிளிட்ச் வழி (பிராசசரை ஒரு கணம் தடுமாற வைத்துப் பூட்டைத் தாண்டுவது) செல்லாது. மற்றவற்றில் 2011 முதல் ஆர்ஜிஎச் இருக்கிறது. அதன் 3-ஆம் வகையில் தனி சிப்பே வேண்டாம், கம்பிகளும் சொற்பம். ஆனால் நாண்டைப் படித்து எழுத ஒரு புரோகிராமர் பலகை வேண்டும், போர்டைத் திறந்து பற்றவைத்தே ஆக வேண்டும். 2025-ல் பேட் அப்டேட் என்ற மென்பொருள் வழியும் வந்துவிட்டது. 17559 பதிப்பில் யுஎஸ்பியிலிருந்தே ஓடும். அணைத்தால் போய்விடும், முதல் தடவையிலேயே பிடிக்கும் என்ற உறுதியும் இல்லை. பொறுமை இருந்தால் அதை முயன்று பாருங்கள். தினமும் விளையாடுகிறவர், காத்திருக்க முடியாதவர் என்றால் மட்டும் ஆர்ஜிஎச்.

ஸ்விட்ச்சில் கோடு தெளிவாக விழுகிறது. 2018-ல் வெளியான ஃபியூஸே ஷெலே என்ற ஓட்டை, டெக்ரா எக்ஸ்1 பிராசசரின் பூட் ரோமிலேயே (கன்சோல் எழும்போது முதலில் ஓடும் நிரல்) இருந்தது. அழித்து எழுத முடியாத இடம் அது என்பதால் அப்டேட் கொடுத்து அடைக்க முடியவில்லை. 2018 நடுப்பகுதிக்கு முன் தயாரானவற்றில், வலது ஜாய்கான் தண்டவாளத்தில் ஜிக் எனும் சிறு துண்டைச் செருகி, யுஎஸ்பி-சி வழியாக பேலோடு எனும் சிறு நிரலை அனுப்பினால் போதும். ஈயம் வேண்டாம். முழுவதும் அணைத்தால் மறுபடி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பின் வந்தவை, 2019-ன் திருத்திய மாடல், லைட், 2021-ன் ஓலெட், எல்லாவற்றுக்கும் சிப்தான்.

அந்த சிப் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆர்பி2040 என்ற கட்டுப்பாட்டுச் சிப் உள்ள சிறு பலகை ஒன்று, பிராசசரை ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர்கள் மேல் அமரும், மின் ஸ்விட்ச்சாக இயங்கும் மாஸ்ஃபெட் உள்ள ரிப்பன், சிஎம்டி, கிளாக், டேட்டா0, ரீசெட் ஆகிய நான்கு சிக்னல்களுக்கு 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, 3.3 வோல்ட், கிரவுண்ட். பிராசசரின் மின்னழுத்தத்தை ஒரு நொடியின் மிகச்சிறிய துண்டு நேரம் கீழே இழுத்துத் தடுமாற வைப்பதுதான் சிப்பின் வேலை. கம்பி நீளமானாலும், இணைப்பு அரைகுறையானாலும் அந்தத் தடுமாற்றம் சரியான கணத்தில் விழாது, கன்சோல் கறுப்புத் திரையிலேயே நிற்கும். ஓலெட்டில் சேமிப்பு சிப் போர்டோடு பற்றவைத்திருப்பதால் டேட்டா0 புள்ளி அதன் அடியில் ஒளிந்திருக்கும். அடியில் செருகும் அடாப்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தொடர்பு அறும். பிராசசரைச் சுற்றி இருக்கும் கெப்பாசிட்டர்கள் மணல் பருக்கை அளவு, சாமணம் தட்டினாலே பெயர்ந்துவிடும். நுண்ணோக்கி இல்லாமல் இந்த வேலையை ஒப்புக்கொள்ளும் யாரிடமும் உங்கள் கன்சோலைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து ஒவ்வொரு சிக்னலையும் அளக்கிறார்களா என்று கேளுங்கள். பூஜ்யம் காட்டினால் கிரவுண்டோடு ஷார்ட், எண்ணே வராவிட்டால் இணைப்பு இல்லை.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். டிசம்பர், ஜனவரியில் அறையே 10 டிகிரியில் இருக்கும்போது போர்டும் அவ்வளவு குளிர்ந்திருக்கும். கிரவுண்ட் செம்புத் தகடு பற்றுமுனையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருகாது. உடனே சால்டரிங் அயர்னை 450-க்கு ஏற்றிவிடுகிறார்கள். பேட் (போர்டில் ஈயம் ஒட்டும் செம்புப் புள்ளி) உரிந்து கையோடு வருவது அப்போதுதான். சூட்டை ஏற்ற வேண்டியது முனைக்கு அல்ல, போர்டுக்கு. ஹாட் ஏர் கொண்டு போர்டை மெதுவாக 80 முதல் 100 டிகிரி வரை கொண்டுவந்துவிட்டு, முனையை 320 முதல் 350-க்குள் வைத்து, ஒரு புள்ளியில் 2, 3 நொடிக்கு மேல் நிற்காமல் வேலை செய்யலாம். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் உருகும். தொழிற்சாலை வைத்த ஈயமில்லாக் கலவைக்கு 217 வேண்டும், அதனால் முதலில் கொஞ்சம் 63/37 கலந்து இளக்கிக்கொள்வது நல்லது.

ஈயம் நன்றாக ஒட்டப் பூசும் ஃபிளக்ஸை மிச்சம் வைப்பது கோவையில் பொறுக்கும், கூடலூரின் ஆடி மழையில் பொறுக்காது. அரைகுறையாகச் சூடான ஃபிளக்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்லிய மின்கசிவை உண்டாக்கும். செய்த அன்று நன்றாக ஓடிய மோட் இரண்டு மாதத்தில் "சில நேரம் வருது, சில நேரம் வரல" என்று ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள், பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள், அது காற்றின் ஈரத்தையும் குடித்துவிடும். ஆல்கஹால் ஆவியாகும்போது போர்டு மேலும் குளிர்ந்து அதன்மேல் பனி படியும் என்பதால் கழுவிய பின் வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துவது கட்டாயம்.

மென்பொருள் மோடுக்கு எதிரி கரண்ட் கட். தென்மேற்குப் பருவத்தில் ஒரு மரக்கிளை லைன் மேல் சாய்ந்தால் ஊரே இருளும். நாண்டில் எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் போனால் கன்சோல் எழாது. கன்சோலை யுபிஎஸ்ஸில் செருகாமல் எழுதும் வேலையைத் தொடங்காதீர்கள். கையடக்கக் கருவி என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். புரோகிராமர் பலகை வழியாக நாண்ட் படிக்கும்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பழைய வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் ஓடும் சார்ஜர், லேப்டாப்பின் கிரவுண்டை மிதக்க வைக்கும். அதைக் கன்சோலோடு தொடும் நொடியில் பாயும் சிறு மின்சாரமே சிப்பைக் கெடுக்கப் போதும்.

எந்த வழியானாலும் முதல் வேலை நகல் எடுப்பது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். வேறுபட்டால் கம்பி சரியில்லை என்று பொருள். அந்தக் கன்சோலுக்கே உரிய சிபியு கீயை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். ஸ்விட்ச்சில் பூட்0, பூட்1, முழு நாண்ட் மூன்றும் வேண்டும். ஓலெட்டில் 64 ஜிபி, மற்றவற்றில் 32 ஜிபி. மெமரி கார்டு எஃப்ஏடி32-வில் இருக்கட்டும், எக்ஸ்ஃபேட் கார்டுகள் ஸ்விட்ச் மோடில் கெட்டுப்போவது வழக்கம். மோடை அசல் நினைவகத்தில் ஏற்றாமல் கார்டில் இருக்கும் எமுஎம்எம்சியில் (அசல் நினைவகத்தின் நகல்) ஓட்டி, அதை இணையத்தோடு சேர்க்காமல் வைத்தால் நின்டெண்டோவின் தடை விழும் வாய்ப்பு குறையும். குறையும் என்றுதான் சொல்ல முடியும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. கீறல் விழுந்த சொந்த டிஸ்க்கைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். சீசனுக்குக் கேம் சென்டர் திறந்து நகல் விளையாட்டுகளைக் காசுக்கு ஓட்டுவது முற்றிலும் வேறு, அதற்காக மோட் கேட்பவர்களுக்குச் செய்து கொடுக்கக் கூடாது.

சிப் வேலைக்காகக் கன்சோலைக் கோவைக்கு இறக்குவதென்றால் டிஸ்க்கையும் கார்டையும் எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் பையைத் திறந்தால் குளிர்ந்த போர்டு மேல் உடனே நீர் கோக்கும். பையோடு 2, 3 மணி நேரம் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கச் சொல்லுங்கள், அதுவரை யாரும் பவர் பட்டனைத் தொட வேண்டாம்.