வண்டியின் பின்னால் இருபது லிட்டர்: ஜெர்ரி கேன் தாங்கியின் இயற்பியல்

மணாலியிலிருந்து லே செல்லும் பாதையில், தாண்டி என்னும் சிற்றூரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகை பயணிகளிடையே நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. கரடுமுரடான ஏற்றத்தில் நான்கு சக்கரங்களாலும் இழுத்து ஏறும் வண்டி சமதளத்து மைலேஜைத் தராது என்பதால், அவ்வழி செல்பவர்கள் ஜெர்ரி கேன் எனப்படும் உலோகக் கலனில் 20 லிட்டர் எரிபொருளை உடன் கொண்டுபோவதுண்டு. கேன் கடையில் கிடைக்கும். அதை வண்டியோடு பிணைக்கும் இரும்புத் தாங்கியைப் பலரும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்கிறார்கள். தடித்த இரும்பாக இருந்தால் போதும் என்ற எண்ணம் அந்த வேலையில் பாதி தூரம்தான் துணைவரும்.

1930-களின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான இந்தக் கேனை எதிர்த்தரப்பினரும் அப்படியே பின்பற்றினார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின்புறத்தில் இருந்த தாங்கியின் அமைப்பு மிக எளிது: கேனின் அடிப்பகுதி உட்காரும் ஆழமற்ற தட்டு, முதுகைத் தாங்கும் சட்டம், சுற்றி இறுக்கும் வார். இன்று பட்டறையில் ஆங்கிளையும் (L வடிவ இரும்பு) பட்டையையும் வெட்டிச் செய்வதும் அடிப்படையில் இதுவே.

பெட்ரோல் நிரம்பிய கேன் ஏறத்தாழ 19 கிலோ இருக்கும். வண்டி நிற்கும்போது இது ஒரு பொருட்டல்ல. பள்ளத்தில் விழுந்து எழும்போது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு விசை விழுவதாகக் கொண்டால், அதே கேன் 76 கிலோவாகக் கனக்கும். கேனின் எடைமையம் வண்டியின் பின்சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. வெளியே இருப்பதால், இந்த விசை கீழே அழுத்துவதோடு நில்லாமல், தாங்கியின் கீழ்விளிம்பை ஊன்றுபுள்ளியாகக் கொண்டு மேற்பகுதியைச் சுவரிலிருந்து பெயர்க்கப் பார்க்கும். மேல் போல்ட்டுகள் கீழ்விளிம்புக்கு 10 செ.மீ. மேலே இருந்தால் அவற்றின் மீது 76 கிலோ இழுவிசை விழும், 25 செ.மீ. மேலே வைத்தால் அது 30 கிலோவாகக் குறைந்துவிடும். 8.8 தரமுள்ள 8 மி.மீ. போல்ட் ஒன்றே ஏறத்தாழ இரண்டு டன் இழுவையை நீண்டுபோகாமல் தாங்கும் என்பதால், இங்கே முதலில் தோற்பது போல்ட் அல்ல, அது துளைத்துச் செல்லும் மெல்லிய தகடுதான். தகட்டின் உட்புறம் உள்ளங்கையகல இரும்புத் துண்டை அண்டைகொடுத்து விசையைப் பரப்புவதற்கு ஈடாக எந்தத் தடித்த ஆங்கிளும் உதவாது.

ஆனால் தாங்கியை உடைப்பது ஒரே ஒரு பெரிய குலுக்கல் அல்ல. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது ஓரிடத்தில் முறிவதைப்போல, தன் வலிமைக்கு மிகவும் குறைந்த விசையும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் எஃகில் நுண்விரிசலைத் தொடங்கிவைக்கும். அந்த விரிசல் பெரும்பாலும் வெல்டிங் முடியும் விளிம்பில்தான் பிறக்கிறது, ஏனெனில் அங்கேதான் வடிவம் திடீரென மாறி உலோகத்தினுள் விசை குவிகிறது. ஆகவே வளைவிசை உச்சமாக இருக்கும் மூலையில் வெல்டிங்கை முடிக்காமல், பட்டையை அங்கே வளைத்துவிட்டு, சற்றுத் தள்ளி வெல்டிங் செய்வது நல்லது. தட்டுக்கும் கேனுக்கும் இடையே விடப்படும் இடைவெளியும் இதே காரணத்தால் தீங்கானது. சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் கேன் தனியே வேகம் பெற்றுத் தாங்கியைச் சுத்தியலாக அடிக்கும். ரப்பர் அட்டையை இட்டு, அது சற்று அமுங்கும்வரை வாரை இறுக்கினால் தொடர்பு அறுவதில்லை, அடியும் விழுவதில்லை.

இனி வருவதைப் பட்டறைகளில் பலர் கருதுவதில்லை. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்பாதையின் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். இடையே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 79 கிலோபாஸ்கலிலிருந்து 52-க்கு இறங்கிவிடுகிறது. கீழே இறுக மூடிய கேன் வெப்பநிலை மாறாமல், சற்றும் உப்பாமல் மேலே வந்தால், அதன் ஒவ்வோர் அகன்ற பக்கத்தையும் உள்ளிருந்து 400 கிலோ எடைக்கு ஈடான விசை தள்ளும். உண்மையில் கேன் உப்புகிறது, உப்புவதால் அழுத்தம் தணிகிறது. பக்கங்களில் பெருக்கல் குறி போல அழுத்தப்பட்டிருக்கும் பள்ளங்கள் தகட்டை விறைப்பாக்குவதோடு இந்த விரிவுக்கும் இடம்தருகின்றன. அந்தப் பக்கத்தின் நடுவே விறைப்பான இரும்புப் பட்டையைப் போட்டு இறுக்கியவர், மலையேறும்போது கேனும் தாங்கியும் ஒன்றையொன்று நெரிக்கும்படி செய்தவர் ஆகிறார். விளிம்புகளைப் பிடித்து, நடுப்பகுதியைத் திறந்து விடுவதே முறை. மேலே மூடியைத் திறக்கும்போதும் சிறிது தளர்த்தி, சீறும் ஆவி அடங்கியபின் திறக்க வேண்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோரம் படிந்து நெடுந்தூரம் பரவக்கூடியது. அளவுபார்க்கப் பழைய கேனை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் செய்வது வெடிவிபத்தை அழைப்பதாகும். காலிக் கேனிலும் எரியத்தக்க ஆவி இருக்கும்.

பொருத்தும் இடத்தைப் பொறுத்தவரை, கூரை எடைமையத்தை உயர்த்திவிடும். மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் பின்கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமப்பதால், கதவின் கீலுக்கு மேலும் பாரம் ஏற்றாமல் சேஸிஸோடு இணைந்த பின்பம்பரிலிருந்து தாங்கியை எழுப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் முதலில் அடிபடுவது கேன்தான் என்ற குறை அப்போதும் நீங்குவதில்லை. ஆதலால் நெடுஞ்சாலையில் அதைக் காலியாகக் கொண்டுசென்று, கடைசி பங்கில் நிரப்புவது மேல்.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றிக் கொண்டுசெல்லலாம். உலோகக் கலன் ஒன்றின் கொள்ளளவு 25 லிட்டரை மிஞ்சக்கூடாது. இரண்டு கேன்களுக்குத் தாங்கி செய்பவர் இரண்டையும் பெட்ரோலால் நிரப்ப முடியாது.

ஆட்டத்தை அடக்கிய அதே ரப்பர் அட்டை, நிரப்பும்போது கேனிலிருந்து மின்னூட்டம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. குழாயில் ஓடிவரும் பெட்ரோல் கொண்டுவரும் நிலைமின்னூட்டம் வெளியேற வழியின்றித் தேங்கிப் பொறியாகத் தாவலாம். கேனைக் கழற்றித் தரையில் வைத்து, குழாய்முனை அதன் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்ப வேண்டியிருப்பதால், வாரின் பூட்டு ஸ்பேனர் இல்லாமல், கையுறை அணிந்த கையாலேயே திறக்கக்கூடியதாக அமைய வேண்டும்.