மரபணு மாற்றுப் பயிருக்கு அனுமதி தருமுன் ஆய்வகத்தில் எதை அளக்கிறார்கள்?

இந்தியாவில் விவசாயிகள் பரவலாகச் சாகுபடி செய்யும் மரபணு மாற்றுப் பயிர், காய்ப்புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்த்த பி.டி. பருத்தி ஒன்றுதான், 2002ல் அனுமதி கிடைத்தது. பருத்தியை யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கொட்டையில் எடுக்கும் எண்ணெய் சமையலுக்கு வருகிறது, புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மதுரைப் பக்கம் பருத்திப்பால் காய்ச்சியே குடிக்கிறோம். அதனால் உணவுப் பாதுகாப்புச் சோதனை பருத்திக்கும் உண்டு.

இதற்கான சட்ட அடிப்படை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989ல் வந்த விதிகள். வயலில் விடும் முடிவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு (ஜி.இ.ஏ.சி.) பரிசீலிக்கும். உணவு என்ற அளவில் எப்படிச் சோதிப்பது என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எலிகளுக்கு 90 நாள் தீனி கொடுத்துப் பார்ப்பது, புதிய புரதம் இரைப்பை நொதியில் செரிக்கிறதா, சூட்டில் சிதைகிறதா என்று பார்ப்பது எல்லாம் சோதனை முறைகளில் உண்டு. இவற்றோடு வருவதுதான் உள்ளடக்க ஒப்பீடு. செடிக்குள் ஒரு மரபணு நுழைந்ததால் அதன் வளர்சிதை மாற்றம் எங்காவது தடம் மாறி, எதிர்பாராத பொருள் கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் இடம் இதுதான்.

கடுகை எடுத்துக்கொள்வோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச்-11 கடுகுக்கு ஜி.இ.ஏ.சி. 2022 அக்டோபரில் பரிந்துரை தந்தது. அது செல்லுமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். இப்படி ஒரு கடுகைச் சோதிக்க, அதையும் மரபணு மாற்றாத அதன் பெற்றோர் ரகத்தையும் ஒரே வயலில், ஒரே உரம், ஒரே தண்ணீரில், பல இடங்களில் விதைக்க வேண்டும். அறுத்த விதையில் புரதம், கொழுப்பு, நார், சாம்பல், தாது உப்புகள் அளக்கப்படும். கடுகுக்கே உரிய இரண்டு பொருள்களில் கண் அதிகம் இருக்கும்: காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட், எண்ணெயில் உள்ள எருசிக் அமிலம். பருத்தியானால் கோசிபால், உருளைக்கிழங்கானால் சோலனின், இரண்டும் அந்தச் செடிகளில் இயற்கையாகவே உள்ள நச்சுகள்.

இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். நம் நாட்டுக் கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் சாதாரணமாகவே சுமார் 40 முதல் 50 சதவீதம். புதிய கடுகிலும் அதே அளவு இருந்தால் சோதனையில் தேறிவிடும். அந்த அமிலம் உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியை இந்த ஒப்பீடு தொடுவதே இல்லை. பெற்றோருக்குச் சமமா என்று மட்டும் கேட்கிறது. வித்தியாசம் தென்பட்டாலும் உடனே தோல்வி ஆகாது. மழை, மண், ரகம் மாறினாலே எண்கள் ஆடும் என்பதால், வழக்கமான ரகங்களின் ஏற்ற இறக்கத்துக்குள் அது அடங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

எனக்குள்ள குறை வேறு. பட்டியலில் இருப்பதை மட்டும் அளந்தால், பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது. மூலக்கூறுகளின் எடையை வைத்து அவற்றைப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற கருவிகளால் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை முன்முடிவின்றிப் பார்க்க முடியும். ஃப்ரக்டன் என்ற சர்க்கரைத் தொடரை உண்டாக்கும்படி மாற்றிய உருளைக்கிழங்கில் பிரிட்டன், ஜெர்மனி ஆய்வாளர்கள் இதைச் செய்து 2005ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த மாற்றத்தைக் கழித்துவிட்டால் மீதி எல்லாம் வழக்கமான ரகங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குள்ளேயே இருந்தது. பயிருக்குச் சாதகமான முடிவுதான். அப்படியிருந்தும் நம் வழிகாட்டுதல் இந்த முழுப் பார்வையைக் கட்டாயமாக்கவில்லை. இதில் பெயர் தெரியாத பொருள்களும் ஏராளமாக வரும், அவற்றுக்கு என்ன பொருள் சொல்வது என்பது தனிச் சிக்கல்.

ஒப்பீட்டில் தேறினால் ஒவ்வாமைக் கேள்வி தீர்ந்துவிடாது. பிரேசில் கொட்டையின் புரத மரபணுவைச் சேர்த்த சோயாவில், அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாது என்று 1996ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சோயா கைவிடப்பட்டது.

சோதனைத் தரவைத் தருவது விண்ணப்பிக்கும் நிறுவனமே. எனவே ஒரு பயிரின் ஆவணம் கருத்துக் கேட்புக்கு வந்தாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினாலோ, முதலில் பார்க்க வேண்டியவை: எந்த ரகத்தோடு ஒப்பிட்டார்கள், எத்தனை இடம், எத்தனை பருவம், எந்தெந்தப் பொருளை அளந்தார்கள்.

வெளி மரபணு எதுவும் தங்காத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மத்திய அரசின் 2022 மார்ச் ஆணை 1989 விதிகளில் முக்கியமானவற்றிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல் ரகங்கள் அந்த வழியில் வந்தவை, அவற்றுக்கு ஜி.இ.ஏ.சி.யின் படி ஏற வேண்டியதில்லை.